எல்லா வாசலுக்கும் ஒரே தூரம்

தொண்ணூற்றுநாலாம் ஆண்டு தை மாதத்தில் இருந்து பலேர்மோ நகரத்தில் தமிழர் துடைத்த தரை எதுவும் காயவில்லை. முதலில் ஷிரோக்கோவைத்தான் குற்றம் சொன்னார்கள். ஆபிரிக்காவில் இருந்து கடல் தாண்டி வருகிற அந்தப் புழுக்கக் காற்று அடித்தால் கொடியில் போட்ட உடுப்பே காயாது, தரை எம்மாத்திரம். பிறகு காற்று மாறியது, வடக்குக் காற்றோடு வெயிலும் குளிரும் சேர்ந்து வந்தன, உடுப்புகள் மொறமொறவென்று காய்ந்தன, தரை மட்டும் அப்படியே கிடந்தது. வரேக்கினா என்கிற வெளுப்புத் தண்ணீர் ஊற்றித் துடைத்தார்கள், வெந்நீரில் துடைத்தார்கள், துணியை ஒட்டப் பிழிந்து துடைத்தார்கள். காலையில் துடைத்த மாபிள் பின்னேரமும் இப்போதுதான் மொப்பை எடுத்த மாதிரி மினுங்கியது. அதே வீட்டில் வீட்டுக்காரச் சிஞோறா தன் கையால் துடைத்த குசினி மூலை சொல்லாமல் கொள்ளாமல் காய்ந்தது. ஒரு ஹோட்டல்காரர் தமிழர் எல்லாரையும் ஒரே நாளில் வேலையால் நிற்பாட்டினார். ஒரு வக்கீல் படிக்கட்டில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். சில வீடுகளில் சிஞோறாமார் கடற்கரையில் நடக்கிறவர்கள் மாதிரிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து பழகினார்கள், ஏனென்றால் தமிழ்ப் பெண்ணைப் போல் சட்டையின் மடிப்புக் குலையாமல் மினுக்குகிற ஆள் வேறு கிடைக்கவில்லை.

அகஸ்ரீனா வேலை செய்த வீடு நாலாம் மாடியில் இருந்தது. மன்னார்க் கரையில் பிறந்தவள், முப்பத்தைந்து வயது, புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். ஒரே மகள் றம்யா மடுக் கோயில் வளவில் அகதிக் கூடாரத்தில் சின்னம்மாவோடு இருந்தாள். அந்தப் பிள்ளையை இஞ்சை எடுப்பதற்கான பத்திரங்கள் குவெஸ்தூறா என்கிற பொலிஸ் கந்தோரின் அலுமாரியில் கிடந்தன, அகஸ்ரீனாவின் உயிரும் அதே அலுமாரியில்தான் கிடந்தது. அவளுடைய சிஞோறா ஒரு நொத்தாரிசின் விதவை, நல்ல மனுசி, நாக்கு மட்டும் ஊசி. ஈரத்தரையைப் பார்த்து ஒரு கிழமை பொறுத்தாள். பிறகு கேட்டாள், உங்கள் ஆட்கள் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று. அகஸ்ரீனா தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். சிஞோறா சிரித்தாள். "இந்த ஊரில் எங்களுக்கும்தான் ஒன்றும் தெரியாது, ஒன்றையும் காணுவதுமில்லை. ஆனால் எங்கள் தரை காய்கிறதே, அகஸ்ரீனா" என்றாள்.

சனத்துக்குக் காரணம் தெரியும். வாய் திறக்கத்தான் ஆளில்லை.

முந்தின மார்கழியில், நத்தார்ச் சோடனை கட்டுகிற நாட்களில், குணரத்தினம் என்று ஒருவர் ரயிலால் வந்து இறங்கினார். வேலணைப் பக்கத்து ஆள், நாற்பது வயது மட்டில். பிரான்சுக்குப் போக வெளிக்கிட்டு, எல்லையில் பிடிபட்டுத் திரும்பி, வடக்கில் ஏதோ நகரத்தில் கோப்பை கழுவி, அங்கத்தைய குளிரில் நெஞ்சில் சளியை வாங்கிக்கொண்டு, தெற்கிலாவது வெயில் இருக்கும் என்று வந்தவர். பெர்மெசோ, அதாவது இருக்கிறதுக்கான அனுமதி, கிடையாது. நிலையத்துக்குக் கிட்ட இருந்தது பல்லரோச் சந்தை, அங்கே மீன் வெட்டுகிற றோபேட்டின் வாசலில்தான் முதலில் தட்டினார். றோபேட் சோறும் மீன் குழம்பும் கொடுத்தார், தடித்த சுவெற்றர் ஒன்றும் கொடுத்தார், இடம் மட்டும் கொடுக்கவில்லை. "மனுசிக்கு நிறைமாசம் அண்ணை. யோகாம்பாளக்கா வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு, அங்கை கேட்டுப் பாருங்கோ" என்றார். யோகாம்பாள் வீட்டு அறை அந்தக் கிழமைதான் சாமியறை ஆகியிருந்தது. இருமுகிற ஆளைச் சாமியறையில் கிடத்தலாமோ. அவள் மூப்பர் பீலிக்ஸ் வீட்டைக் காட்டினாள். மூப்பர் திருப்பலிக்குப் போகிற அவசரத்தில் நின்றார், முடிந்து வந்து கதைப்பம் என்றார், முடிந்து வந்தபோது இன்னொரு வீட்டைக் காட்டினார். இப்படியே வீடு வீடாகப் போனது. ஒருவரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை, ஒருவரும் கதவை அடித்துச் சாத்தவில்லை. எல்லா வீட்டிலும் ஒரு நியாயம் இருந்தது, எல்லா நியாயமும் உண்மையாகவும் இருந்தது. பின்னால் வந்த கரைச்சல் முழுவதற்கும் வேர் அதுதான்.

ஆகக் கடைசியாக அவர் வந்து நின்றது வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒழுங்கைக்குள் இருந்த அகஸ்ரீனாவின் ஒற்றை அறை வாசலில். அவரைக் கண்டவுடனே அவள் ஆளை அடையாளம் பிடித்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே கப்பலின் அடித்தட்டில் வந்தவர்கள். சிசிலியின் தெற்குக் கரையில் இருட்டுத் தண்ணீரில் இறக்கி விட்டபோது அவள் மூழ்கிப் போனாள், தலைமயிரில் பிடித்து இழுத்துக் கரையில் போட்டது குணரத்தினம். இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பெர்மெசோ எடுக்கிறபோது தனியே விமானத்தில் வந்ததாக அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அன்றைக்கு அவர் கப்பலைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. வாசலில் நின்று இருமினார், இருமி முடித்துச் சிரித்தார். "எல்லாரும் நல்ல ஆக்கள் தங்கச்சி. எல்லாரும் அடுத்த வீட்டைக் காட்டினவை" என்றார். அவளுக்குக் காட்ட அடுத்த வீடு இல்லை. உள்ளதைச் சொன்னாள். மகள் வருவதற்கு வீடு பார்க்க நகரசபையில் இருந்து விஜிலே என்கிற காவல் உத்தியோகத்தன் வருவான், அறை இரண்டு பேருக்குத்தான் காணும், மூன்றாம் ஆளின் துவாய் கொடியில் கிடந்தாலே எழுதிக்கொண்டு போய்விடுவான், பிள்ளை கூடாரத்திலேயே கிடந்து போகும். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். "பிள்ளை வரட்டும். பிள்ளைதான் முக்கியம்" என்றுவிட்டுப் படியிறங்கினார். அவள் கதவைச் சாத்தவில்லை, சத்தம் கேட்கும் என்று மெல்ல ஒருக்களித்து வைத்தாள்.

கால்சாப் பகுதியில் யுத்தத்தில் குண்டு விழுந்து கூரை போன பலாசோ ஒன்று, பழைய மாளிகை, அப்படியே கிடந்தது, உள்ளே அத்திமரம் முளைத்திருந்தது. அந்த மரத்தடியில் தைப் பிறப்புக்குப் பிறகு குணரத்தினத்தைக் கண்டெடுத்தார்கள். நெஞ்சுச்சளி என்று டாக்டர் எழுதினார். சட்டைப்பையில் ஒரு துண்டும் இல்லை. சாதாரண உடுப்புப் போட்ட பொலிஸ்காரர் ஒருவர் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் தமிழர் இருக்கிற படிக்கட்டுகளுக்கும் கொண்டுபோனார். றோபேட் கத்தியைத் துடைத்துக்கொண்டே படத்தைப் பார்த்துத் தெரியாது என்றார். யோகாம்பாள் தெரியாது என்றாள். தெரியும் என்றால் அடுத்த கேள்வி எங்கே இருந்தவன், ஆரோடு இருந்தவன், ஆர் கூட்டி வந்தது என்று வரும், எல்லாருடைய மடியிலும் ஏதோவொரு கனம் இருந்தது. ஒருவர் இல்லை என்றதைப் பார்த்து மற்றவரும் இல்லை என்றார். முந்தின நாள் வந்து இறங்கினவர்கூட இத்தாலியனில் முதன்முதல் பாடமாக்கிய வசனம் அதுதான். அகஸ்ரீனாவுக்குப் படத்தைச் சிஞோறா வீட்டுப் படிக்கட்டில் வைத்துக் காட்டினார். அவள் நோ என்றாள். பொலிஸ்காரர் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவள் உள்ளே போய் மொப்பை எடுத்து நடைபாதையைத் துடைத்தாள். அது காயவில்லை.

மாசி மாதம் கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு கூட்டம் வைத்தார்கள். சைவச் சனமும் வந்தது, தமிழர் எல்லாரும் ஒன்றாகக் கூடுவதற்கு வேறு மண்டபம் இல்லை. நடுவில் இருந்தவர் மூப்பர் பீலிக்ஸ். மூப்பர் என்பது கரையூர்களில் கோயில் காரியத்தை முன்னின்று பார்க்கிறவருக்கு உள்ள பட்டம், கப்பலிலும் ரயிலிலும் கூடவே வந்து பலேர்மோவிலும் அவருக்கு அது ஒட்டிக்கொண்டது. வாரத்தில் ஆறு நாள் வுச்சீரியாச் சாப்பாட்டுக்கடையில் தட்டுக் கழுவினாலும் ஏழாம் நாள் அவர் மூப்பர்தான். பழைய ஏற்பாட்டைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர். மோயீசனின் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது என்று தொடங்கினார். வெளியில் ஒரு பிணம் கிடந்து, அடித்தது ஆர் என்று தெரியாவிட்டால், பழி அந்த நிலத்தில் ஊறி எல்லாரையும் பிடிக்கும். அப்போது மூப்பர்மார் போய்ப் பிணம் கிடந்த இடத்தில் இருந்து சுற்றிவர உள்ள ஊர்களுக்கு அளக்க வேண்டும். எந்த ஊர் கிட்டவோ அந்த ஊரார் நுகம் ஏறாத நாகு ஒன்றைக் கொண்டுபோய், ஓடுகிற தண்ணீர் உள்ள பள்ளத்தில் கழுத்தை முறித்து, அதன்மேல் கை கழுவி, எங்கள் கை இதைச் செய்யவில்லை, எங்கள் கண் இதைக் காணவில்லை என்று சொல்ல வேண்டும். பழி போய்விடும்.

"நாகு மாடோ?" என்று யோகாம்பாள் எழும்பினாள். "மூப்பரண்ணை, உங்கடை மோயீசனுக்கு வேறை ஒண்டும் அம்பிடேல்லையோ? மாட்டைக் கொல்லுறதெண்டால் நான் இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கன்."

"பல்லரோவிலை ஒவ்வொரு நாளும் மாடு தொங்குது, அதுக்குக் கீழை நிண்டுதானே அக்கா நீங்கள் கத்தரிக்காய் பேரம் பேசிறியள்" என்றார் றோபேட்.

"தொங்கிறதை நான் கொல்லேல்லை."

"குணரத்தினத்தையும் நாங்கள் ஒருத்தரும் கொல்லேல்லை."

அந்தப் பெயரைப் பலர் நடுவில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தரம். றோபேட் தன் வாயைத் தானே பொத்தினார். மாட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் அளப்பம் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சந்தோசமாக ஒத்துக்கொண்டார்கள். ஏனென்றால் ஒவ்வொருவரும் மனதுக்குள் ஏற்கெனவே அளந்து, மற்றவருடைய வாசல்தான் கிட்ட என்று முடிவு கட்டியிருந்தார்கள். அகஸ்ரீனாவுக்கு மட்டும் அந்த ஆறுதல் இல்லை. அவளுடைய ஒழுங்கையில் இருந்து கால்சாவுக்கு ஒரு செபமாலை சொல்லி முடிக்க முன்னம் நடந்து போய்விடலாம். கயிறு அவளுடைய வாசலைக் காட்டும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஏன் உன்னிடம் வந்தவன் என்று கேட்பார்கள், கேள்விக்குப் பின்னால் கப்பல் வரும், கப்பலுக்குப் பின்னால் குவெஸ்தூறா.

றோபேட் மீன்கடைப் படங்கு கட்டுகிற நைலோன் கயிற்றைக் கொண்டுவந்தார். அத்திமரத்தடியில் ஒரு நுனியைப் பிடித்து, தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போனார்கள். வாசல்களில் கதிரை போட்டிருந்த கிழவர்கள், கால்சாவை வாங்கப் போகிறீர்களோ, வாங்கினால் கூரையும் போடுங்கள் என்று பகிடி பண்ணினார்கள். முதலில் மூப்பரின் வாசல். அங்கே கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார்கள். அடுத்தது யோகாம்பாளின் வாசல், அது இன்னும் தூரம், பார்த்தாலே தெரியும். முடிச்சு அவளுடைய வாசற்படியில் வந்து நின்றது. இழுத்துப் பிடியுங்கோ என்று கத்தினார்கள், இழுத்தார்கள், கயிறு விறைத்தது, முடிச்சு அசையவில்லை. அகஸ்ரீனாவின் வாசல் அவ்வளவு கிட்ட, கயிறு பாதிக்கு மேல் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. முடிச்சு அவளுடைய நிலைக்கு நேரே வந்தது. றோபேட்டுக்கு விசர் பிடித்துவிட்டது. நகரத்தின் மற்றக் கரையில் ஸீசாவில் ஒரு குடும்பம் இருந்தது, அங்கேயும் இழுத்தார்கள், முடிச்சு அங்கேயும் படியில்தான். மொன்டெல்லோக் கடற்கரையில் ஒரு மாளிகையில் தங்கி வேலை செய்கிற புருசன் பெண்சாதிக்கும் ஒரு வாசல் இருந்தது, நடந்தால் அரைநாள். அதற்கும் சரியாக இருந்தது. கயிறு எப்படி எட்டியது என்று கேட்டால், எட்டியது, அவ்வளவுதான். சந்தைத் துணிக்கடைக்காரனின் மீற்றர்க்கோலால் அளந்து பார்த்தார்கள், வாங்கியபோது இருந்த நீளம்தான் இருந்தது. றோபேட் அதைச் சுருட்டித் திரும்பப் படங்கில் கட்டினார்.

எல்லா வாசலும் கிட்ட என்று ஆனபிறகு பலி எல்லாருடைய பலி என்று ஆனது. மாடு வேண்டாம், சட்டத்தில் ஆட்டுக்கும் இடம் இருக்கிறது என்றார் மூப்பர். சனத்தின் குற்றத்தை ஆட்டின் தலையில் கைவைத்து ஏற்றிப் பாலைவனத்தில் விட்டுவிட வேண்டும், கொல்லத் தேவையில்லை. யோகாம்பாள் அதற்குச் சம்மதித்தாள். மொன்ரியாலே போகிற வழியில் ஒரு மேய்ப்பனிடம் இளங்கிடாய் ஒன்று வாங்கி வந்து கோயில் முற்றத்தில் கட்டினார்கள். பிள்ளைகள் இலை கொடுத்தார்கள், "பெப்பே, வியேனி குவா, இஞ்சை வாடா" என்று கூப்பிட்டார்கள். குற்றம் சுமக்கிற ஆட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று மூப்பர் விரட்டினார். யோகாம்பாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "ஆட்டுக்கு அரை மணித்தியாலத்திலை பேர் கிடைச்சிட்டுது" என்றாள்.

ஓடுகிற தண்ணீர் என்று பலேர்மோவில் இருப்பது ஒரேத்தோ ஆறுதான். குப்பையும் நாணலும் மண்டிய அதன் கரையில் பங்குனி மாதத்துப் பகல் ஒன்றில் சனம் வரிசையாக நின்றது. மூப்பர் ஆட்டின் கொம்படியில் முதலில் கைவைத்து, தெரியாமல் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும் என்றார். ஆடு கண்ணை ஒருதரம் மூடித் திறந்தது. றோபேட் கைவைத்து, தெரியாமல் செய்தம் என்றார். ஆட்டின் முன்னங்கால் கொஞ்சம் மடிந்தது. ஒவ்வொருவர் கைவைக்கவும் அது சேற்றில் இறங்கியது. பாதி வரிசை முடிகிறபோது வயிறு மண்ணில் முட்டிவிட்டது. இழுத்துத் தூக்க நாலு ஆம்பிளைகள் தேவைப்பட்டார்கள், அவ்வளவு பாரம். யோகாம்பாள் தன் முறை வந்ததும் கையை வைக்காமல் நின்றாள்.

"மூப்பரண்ணை, ஒண்டு கேக்கிறன். தெரியாமல் செய்ததுக்கு ஆடு. தெரிஞ்சு செய்ததுக்கு என்ன?"

மூப்பர் புத்தகத்தை விரித்தார், மூடினார், திரும்ப விரித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை, பிள்ளை. கை ஓங்கித் தெரிஞ்சு செய்தவனுக்கு ஆடுமில்லை, மாடுமில்லை. அவன் சனத்திலை இருந்து அறுந்து போவான் எண்டு மட்டும்தான் கிடக்கு" என்றார். வரிசையில் பின்னால் நின்ற அகஸ்ரீனாவுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது. அவள் ஆட்டைத் தொடாமலே திரும்பி நடந்தாள்.

ஆட்டை மலைப்பக்கம் பார்த்து விட்டார்கள். அது மலைக்குப் போகவில்லை. சனம் வீடு போய்ச் சேர முன்னம், பொழுது சாய்கிற நேரம், அது பல்லரோவில் றோபேட்டின் கதவை நெற்றியால் முட்டியது. றோபேட் திறந்து, நாசமாப் போன ஆடு என்று திட்டி, ஒரு கோவாப்பூவின் தண்டைக் கொடுத்து வெளியே தள்ளினார். அது நேரே யோகாம்பாளின் கதவுக்குப் போனது, அங்கிருந்து மூப்பரின் கதவுக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு. வழி ஆர் காட்டினார்கள் என்று தெரியாது. எல்லாரும் ஏதாவது தின்னக் கொடுத்தார்கள், ஒருவரும் உள்ளே விடவில்லை. ஆடு மாட்டை வீட்டுக்குள் விடுவதற்கு இது என்ன ஊரோ என்று சொன்னார்கள், அதுவும் நியாயம்தான். அகஸ்ரீனா அப்போது புது விரிப்பு விரித்த இரண்டாம் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள், விஜிலே புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். ஒழுங்கையில் இருமல் கேட்டது. ஆள் இருமுவது மாதிரி ஆடு இருமிக்கொண்டு வந்தது. முட்டுகிற சத்தம் ஒவ்வொரு கதவாக நெருங்கியது. அடுத்தது தன்னுடைய கதவுதான், தனக்குப் பிறகு கதவு இல்லை என்று அவளுக்கு நல்லாகத் தெரியும்.

அவள் கதவைத் திறந்தாள். ஆடு உள்ளே வந்து கட்டிலடியில் படுத்தது. அதன் பாரத்தில் தரையில் பதித்த ஓடுகள் இரண்டு வெடித்தன. கம்பளி ஒன்றை எடுத்துப் போர்த்திவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து மகளின் படத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பிள்ளையா, செத்தவனா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, அவள்தான் தன்னைக் கேட்டாள். பிள்ளைக்காகச் செத்தவனை விட்டது ஒருதரம் போதும் என்று தோன்றியது. அதற்கு மேல் பெரிய யோசனை ஒன்றும் அவளிடம் இருக்கவில்லை.

விடிந்ததும் குவெஸ்தூறாவில் போய் வரிசையில் நின்றாள். யன்னலில் இருந்த உத்தியோகத்தரிடம், அத்திமரத்தடியில் கிடந்தவரின் பெயர் குணரத்தினம், ஊர் வேலணை, தன்னோடு கப்பலில் வந்தவர், தன்னைக் கடலில் இருந்து இழுத்தவர், பிறகு படுக்க இடம் கேட்டு வந்தவர், தான் விடவில்லை, படத்தைக் காட்டியபோதும் தெரியாது என்று சொன்னவள் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர், உறவு என்ன என்று கேட்டார். அவள் திரும்பவும் முதலில் இருந்து சொன்னாள். இது உறவு இல்லை என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பிறகு அவளுடைய பத்திரக் கட்டை எடுத்துப் புரட்டி, விமானத்தில் வந்ததாக அல்லவா இருக்கிறது என்றார். அவள் இல்லை, கப்பல் என்றாள். மகளின் பத்திரம் நின்றுபோனது. புதன்கிழமை விஜிலே வரவில்லை. அன்று பின்னேரம் அவள் சிஞோறா வீட்டில் நடைபாதையைத் துடைத்துவிட்டு வாளித் தண்ணீரை ஊற்றித் திரும்பி வர, தரை காய்ந்திருந்தது. சிஞோறா குனிந்து உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். அகஸ்ரீனாவுக்கு அதில் சந்தோசமும் வரவில்லை.

மற்றவர்களின் தரை காயவில்லை. செய்தி பரவி ஒரு கிழமைக்குப் பிறகு றோபேட் போனார். பெயர் ஏற்கெனவே தெரியும், தேவையில்லை என்றார் உத்தியோகத்தர். பேர் சொல்ல வரேல்லை, என்ரை வாசலுக்கு வந்ததைச் சொல்ல வந்தனான் என்று றோபேட் தெரிந்த இத்தாலியனில் சொன்னார். பிறகு யோகாம்பாள். பிறகு மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக. பாஸ்தா, பாஸ்தா, போதும், எனக்கு எல்லாம் தெரியும் என்று அந்த உத்தியோகத்தர் கையெடுத்துக் கும்பிட்டார், சனம் விடவில்லை, சொல்லி முடித்துவிட்டுத்தான் யன்னலை விட்டு விலகியது. சிலருக்குப் பெர்மெசோ பறிபோனது. சிலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொருவருடைய தரையாகக் காய்ந்தது. மூப்பர் பீலிக்ஸ் ஆகக் கடைசியாக, பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் போனார். அகஸ்ரீனாவின் அறையில் கிடந்த ஆட்டை அவர் மேய்ப்பனிடம் திரும்பக் கொண்டுபோய் விட்டார். மேய்ப்பன் தூக்கிப் பார்த்து, விற்றதைவிடப் பாரமாக இருக்கிறதே என்று சொல்லி வாங்கிக்கொண்டான். சேமக்காலையில், அந்தக் கிறிஸ்தவ மயானத்தில், இலக்கம் மட்டும் எழுதியிருந்த குழிக்குப் பெயர் எழுதிய பலகை நட்டார்கள். யோகாம்பாள் தேவாரம் பாடினாள், மூப்பர் செபம் சொன்னார். செத்தவர் பிணத்தை எரிக்கிற சனத்தைச் சேர்ந்தவர் என்று அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது, அதற்கு இனி ஒன்றும் செய்ய ஏலாது.

தரைக் கரைச்சல் முடிந்தது என்று சனம் மூச்சுவிட்டது. அதற்குப் பிறகு வந்தது வேறு.

அகஸ்ரீனா அபராதம், வழக்கறிஞர், கன்னியாஸ்திரிகளின் சிபாரிசு என்று அலைந்து, தொண்ணூற்றாறில் மகளுக்கான பத்திரத்தைத் திரும்பப் போட்டாள். விஜிலே வந்தான். மூக்கு அடைத்த, மரியாதையான ஆள். அறையின் நடுவில் நின்று ஆட்களை எண்ணினான். "இரண்டு" என்று எழுதினான். நான் தனிய என்றாள் அவள். அவன் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப எண்ணினான், இரண்டு. அலுமாரியைத் திறந்து காட்டினாள், கட்டிலுக்குக் கீழே விளக்குப் பிடித்துக் காட்டினாள். கண்ணுக்கு அவள் ஒருத்திதான் தெரிந்தாள், எண்ணினால் இரண்டு வந்தது. மகள் வந்தால் மூன்று, அறை காணாது. பத்திரம் திரும்பி வந்தது. அந்த வருசம் முழுக்கத் தமிழர் வீடுகளில் எல்லாம் அதுவே நடந்தது. றோபேட் வீட்டில் நாலு பேர், எண்ணினால் ஐந்து. யோகாம்பாளும் புருசன் இராசரத்தினமும் இரண்டு பேர், எண்ணினால் மூன்று. ஸீசாவில் ஒரு வீட்டில் அடுப்பு வெடித்துத் தீயணைக்கிறவர்கள் வந்தபோது, வெளியே வந்த ஆட்களை எண்ணிவிட்டுக் கணக்குச் சரி, எல்லாரும் தப்பிவிட்டார்கள் என்று போனார்கள், பிறகு பார்த்தால் தாயார் இன்னும் மாடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மொன்டெல்லோ மாளிகையிலும் அப்படித்தான். எந்த வாசலிலும் ஒன்று கூட, ஒன்றே ஒன்று. ஆர் அந்த ஒன்று என்று தமிழர் ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை.

யோகாம்பாள் சோற்றில் ஒரு பிடியைக் கூடப் போட்டு வடித்தாள். றோபேட் படுக்கிற அறையில் ஒரு கம்பளியை மடித்து வைத்தார், காலையில் அது மடிப்புக் குலைந்து கிடந்தது, திரும்ப மடித்து வைத்தார். நகரசபையில் முதலில் சண்டை பிடித்தார்கள், இரண்டு விஜிலேயை ஒன்றாக அனுப்பிப் பார்த்தார்கள், பிறகு அலுத்துவிட்டார்கள். அந்தக் கந்தோரில் ஓய்வுபெறப் போகிற பெரியவர் ஒருவர் இருந்தார், கால்சாவில் பிறந்தவர். தமிழர் வீடு என்றால் எண்ணி வருகிறதில் ஒன்றைக் குறைத்து எழுதுங்கள், அந்த ஆளுக்குத் தனியாகச் சதுர மீற்றர் தேவையில்லை என்று வாயால் சொன்னார். அதற்குப் பிறகு வந்த விஜிலேமார் எல்லாரும் அப்படியே செய்தார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் கிழமையிலேயே அதைச் சொல்லிக் கொடுத்தார்கள், வாகனம் நிறுத்தக் கூடாத தெருக்களைச் சொல்லிக் கொடுப்பது மாதிரி.

றம்யா தொண்ணூற்றெட்டு ஆவணியில் வந்து சேர்ந்தாள். தாய் விட்டுவந்தபோது மடியில் இருந்த பிள்ளை, வந்தபோது தாயைவிட உயரம். விமான நிலையத்தில் இரண்டு பேருக்கும் என்ன கதைக்கிறதென்று தெரியவில்லை. அடுத்த கிழமை விஜிலே கடைசி முறையாக வந்து பார்த்தான். எண்ணினான், வாய்க்குள் மூன்று என்றான், இரண்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்து, நல்வரவு சொல்லிவிட்டுப் போனான். மகள் தாயைப் பார்த்தாள்.

"மற்றது ஆர் அம்மா?"

"குணரத்தினம் எண்டு ஒருத்தர். எங்களோடைதான் இருக்கிறார்."

றம்யா ஒரு கூடாரத்துக்குள் பல குடும்பங்கள் ஒடுங்கிப் படுத்த இடத்தில் வளர்ந்தவள், ஆள் வந்தால் அரக்கி இடம் விடுவது அவளுக்குப் பழக்கம். பெட்டியை எடுத்துக் கட்டிலின் கீழே தள்ளினாள், கதிரையைச் சுவரோடு சாய்த்து வைத்தாள், நடுவில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவு இடம் வந்ததும், இடம் காணுமோ என்று தாயைக் கேட்டாள். அகஸ்ரீனா பார்த்து, காணும் என்றாள்.